கீமோவோடு சத்து மாத்திரையா? பொறுங்க... முதலில் 'லேப் டிப்' பாருங்க!

மும்பை டாக்டர்கள் சோதித்த 100 ரூபாய் மாத்திரை சொல்லும் பாடம்

ஒரு லாட் பனியன் துணியைச் சாயத்தில் இறக்கும் முன்பு, கையளவு துண்டை நனைத்து 'லேப் டிப்' பார்ப்பார்கள். ஷேடு சரியாக வந்தால்தான் அடுத்த வேலை. அருள்புரம் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

"பக்கத்துப் பட்டறையில இந்தப் பவுடரைப் போட்டாங்களாம், பளபளன்னு வந்துச்சாம்" என்று யாராவது ஒரு கைப்பிடி எடுத்து மிஷினில் கொட்டினால்? மாஸ்டர் சும்மா விடுவாரா?

துணிக்கு இத்தனை ஜாக்கிரதை. உடம்புக்கு?

வீட்டில் ஒருவருக்குப் புற்று நோய் என்று தெரிந்துவிட்டால் போதும். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். வெறுங்கையோடு வர மாட்டார்கள்.

"இந்த மாவைப் பாலில கலக்கிக் குடுங்க அக்கா" என்பார் ஒருவர். "முள் சீத்தா இலையைக் கசாயம் வச்சுக் குடிச்சாப் போதுமுங்க" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒரு டப்பாவை நீட்டுவார். "எங்க மாமாவுக்கு இதுதானுங்க உசுரு குடுத்துச்சு!"

டப்பாவின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனாலும் வாங்கி விடுவார்கள். "சத்துதானே? கெடுதல் என்ன வந்துடப் போகுது?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் பல வருடங்களாகப் பதில் தேடிக் கொண்டிருக்கிறார்கள். கிடைத்த பதில் சில இடத்தில் இனிப்பு. சில இடத்தில் கசப்பு!

கட்டி கரைந்தது... திரும்ப வந்தது!

லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்று நோய். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டினாற்போல் கட்டி தெரியும். பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று ஆளும் சும்மா இருந்து விடுவார்.

சிலருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். ராத்திரியில் போட்டிருக்கும் துணி நனைகிற அளவுக்கு வேர்க்கும். காரணம் இல்லாமல் எடை குறையும். டி.பி. நோயிலும் இப்படியெல்லாம் வருவது உண்டு. ஆகவே கட்டியில் இருந்து சதை எடுத்துச் சோதித்தால்தான் எது என்று தெரியும்.

ஒரு நல்ல சேதி: மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய புற்று நோய்களில் லிம்போமாவும் ஒன்று. 'கீமோ' எனப்படும் மருந்துகளை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். நிறையப் பேருக்கு முதல் சுற்றிலேயே கட்டி கரைந்து, மறுபடி வருவதே இல்லை. அவர்கள் வேலைக்குத் திரும்பி, பிள்ளை குட்டிகளுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு சிலருக்குக் கட்டி திரும்ப வந்து விடுகிறது. அப்போதுதான் சிக்கல்.

இரண்டாவது சுற்றில் வேறு மருந்துகளை ஏற்றுவார்கள். அதற்கு நோய் அடங்கினால், நோயாளியின் ஸ்டெம் செல்களை முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். பிறகு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, அந்தச் செல்களை மறுபடி உடம்பில் ஏற்றுவார்கள். வாய் முழுக்கப் புண், வாந்தி, பேதி, காய்ச்சல் என்று சில வாரங்கள் ஆளை உலுக்கி எடுத்து விடும்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு?

இதையும் சோதித்துத்தான் பார்த்தார்கள். லிம்போமா திரும்ப வந்து, மருந்துக்குக் கட்டுப்பட்ட 109 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண கீமோ. இன்னொரு பிரிவுக்கு அதிக அளவு கீமோவும் செல் மாற்று சிகிச்சையும். 1995-ல் முடிவு வெளியானது. 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சாதாரண கீமோ பிரிவில் 100-க்கு 32 பேர். செல் மாற்றுப் பிரிவில் 100-க்கு 53 பேர்!

ஒப்பிட்டுப் பார்த்ததால் தெரிந்த உண்மை இது. பார்க்காமல் இருந்திருந்தால், "எதுக்குங்க இத்தனை சித்ரவதை?" என்று விட்டிருப்பார்கள்.

100 ரூபாய் மாத்திரை!

இந்தச் சித்ரவதையைக் குறைக்க ஒரு மாத்திரை இருந்தால்?

2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் ஒரு செய்தி ஓடியது. மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு மாத்திரையை உருவாக்கி இருக்கிறார்கள். விலை சுமார் 100 ரூபாய்தான். கீமோவின் பக்க விளைவைப் பாதியாகக் குறைக்கும். புற்று நோய் மறுபடி வருவதையும் தடுக்கும்!

டாடா ஆஸ்பத்திரி 1941-ல் தொடங்கியது. நாட்டின் பெரிய புற்று நோய் ஆஸ்பத்திரி. அங்கிருந்து வந்த செய்தி என்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "எந்தக் கடையில கிடைக்கும்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

மாத்திரையில் இருப்பது இரண்டே பொருள்தான். ஒன்று, ரெஸ்வெரட்ரால். திராட்சைத் தோலில் இருக்கும் சத்து அது. மற்றொன்று செம்பு!

இதன் பின்னால் இருப்பவர் டாக்டர் இந்திரநீல் மித்ரா. புற்று நோய் செல்கள் சாகும்போது அவற்றின் மரபுப் பொருள் துண்டு துண்டாக ரத்தத்தில் சிதறுகிறது. அந்தத் துணுக்குகள் நல்ல செல்களுக்குள் புகுந்து அவற்றையும் கெடுக்கின்றன என்பது அவருடைய குழுவின் கருத்து. ரெஸ்வெரட்ராலும் செம்பும் சேர்ந்தால் ஒரு வகை ஆக்சிஜன் பொறி கிளம்புகிறது. அது அந்தத் துணுக்குகளைப் பொசுக்கி விடுகிறது என்கிறார்கள்.

யாரிடம் சோதித்தார்கள்?

இங்கேதான் வாசகர்கள் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும்.

முதலில் எலிகளிடம் சோதித்தார்கள். பிறகு மனிதர்களிடம் வந்தார்கள். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்று நோயில் செல் மாற்று சிகிச்சைக்கு வந்த 25 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. லிம்போமா திரும்ப வந்தவர்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதே மாதிரி சிகிச்சைதான். 2022-ல் முடிவு வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான வாய்ப்புண் குறைந்திருந்தது.

வயிற்றுப் புற்று நோயாளிகளிடம் இன்னொரு சோதனை. அதுவும் 2022-ல் வெளியானது. வாந்தி, பேதி, கை கால் தோல் எரிச்சல் போன்ற தொந்தரவுகள் குறைந்தன. ஆனால் கீமோவால் ரத்த அணுக்கள் குறைவது மட்டும் குறையவில்லை!

அந்தச் சோதனையில் எல்லோருக்குமே மருந்து கொடுத்தார்கள். கொடுக்காத பிரிவு என்று பக்கத்தில் ஒன்று இல்லை. முன்பு சிகிச்சை பெற்றவர்களின் கணக்கோடு ஒப்பிட்டார்கள்.

சரி, புற்று நோய் திரும்ப வராமல் தடுக்கும் என்றார்களே, அது?

அது எலிகளிடம் பார்த்தது! டாடா ஆஸ்பத்திரியின் டாக்டர் ராஜேந்திர பட்வே அப்போதே இதைத் தெளிவாகச் சொன்னார். பக்க விளைவை எலியிடமும் மனிதர்களிடமும் பார்த்தோம். திரும்ப வராமல் தடுப்பதை எலியிடம் மட்டுமே பார்த்தோம். மனிதர்களிடம் அந்தச் சோதனை முடிய சுமார் 5 வருடம் ஆகும் என்றார் அவர்.

செய்தியின் தலைப்பு ஊர் முழுக்க ஓடியது. இந்த வரி மட்டும் ஓடவே இல்லை!

செம்புக் குடமும் திராட்சையும்

"அட, செம்பும் திராட்சையும்தானா? வீட்டில செம்புக் குடம் இருக்குது. பழக்கடையில திராட்சை இருக்குது. அப்புறம் மாத்திரை எதுக்குங்க?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

வேண்டாம் இந்த விபரீதம். டாக்டர்கள் பயன்படுத்திய செம்பின் அளவு ஒரு கிராமில் கோடியில் சில பங்குதான். கண்ணுக்கே தெரியாது. ரெஸ்வெரட்ராலும் செம்பும் இந்த அளவுக்கு இந்த அளவு என்று நிறுத்துக் கலந்தது. குடத்துத் தண்ணீரில் எவ்வளவு செம்பு இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? செம்பு உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் ஈரலுக்கே கெடுதல்.

சாயத்தில் ஒரு கிராம் கூடினால் ஷேடு மாறுகிறது. மருந்தில் மாறாதா?

நோபல் விஞ்ஞானி சொன்னது என்ன ஆச்சு?

கீமோவோடு சத்துப் பொருள் என்பது மும்பையில் பிறந்த யோசனை அல்ல. இதில் பெரிய பெரிய ஆட்களே சறுக்கி இருக்கிறார்கள்.

லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1954-ல் வேதியியலுக்கும், 1962-ல் சமாதானத்துக்கும் நோபல் பரிசு வாங்கியவர். அவரும் ஸ்காட்லாந்து டாக்டர் இவான் கேமரூனும் 1976-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய் முற்றிய 100 பேருக்கு வைட்டமின் சி கொடுத்தோம். கொடுக்காத 1000 பேரை விட அவர்கள் அதிக நாள் உயிரோடு இருந்தார்கள் என்றார்கள்.

உலகமே பரபரப்பானது. ஆனால் அந்த 1000 பேர் பழைய ஆஸ்பத்திரி ரிக்கார்டுகளில் இருந்து பொறுக்கி எடுத்தவர்கள். ஒரே நேரத்தில், ஒரே மாதிரி பிரித்து ஒப்பிட்டதல்ல.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் முறையாகச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 10 கிராம் வைட்டமின் சி. இன்னொரு பிரிவுக்குச் சத்து இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 1979-லும் 1985-லும் முடிவு வந்தது. இரண்டு தடவையும் பலன் பூஜ்யம்!

கதை அதோடு முடியவில்லை. வாயால் சாப்பிட்டால் ஓரளவுக்கு மேல் ரத்தத்தில் ஏறாது. ஊசி மூலம் ஏற்றினால் பல மடங்கு ஏறும் என்று பிறகு தெரிந்தது. அப்படியானால் மறுபடி பார்க்கலாமே என்று, அதே மேயோ கிளினிக்கில் 2018-ல் ஒரு சோதனை தொடங்கியது. லிம்போமா திரும்ப வந்தவர்களுக்கு இரண்டாவது சுற்று கீமோவோடு வைட்டமின் சி ஊசி. ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு பிரிவுக்கு வெறும் உப்பு நீர்!

தோற்றுப் போன மருந்துக்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு. ஆனால் சோதனைக்கு உட்பட்டுத்தான் அந்த வாய்ப்பு.

ஊசி வைட்டமின் ஆளுக்கு ஆள் ஒத்துக் கொள்ளாது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதிக அளவு ஏற்றினால் ரத்த சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகி விடும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் ஆகாது. ஆகவேதான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து ஆளைத் தேர்வு செய்கிறார்கள்.

மருந்தின் கையைக் கட்டிப் போட்ட வைட்டமின்!

'பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே' என்பவர்கள் அடுத்த செய்தியைப் படிக்க வேண்டும்.

2008-ல் நியூயார்க் நகரில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. லுக்கேமியா, லிம்போமா செல்களுக்கு முதலில் வைட்டமின் சி கொடுத்தார்கள். பிறகு புற்று நோய் மருந்துகளை ஊற்றினார்கள். மருந்துகளின் வேகம் 30 முதல் 70 சதவீதம் வரை குறைந்து போனது! லிம்போமா கட்டி உள்ள எலிகளிலும் இதே கதை. லிம்போமாவுக்குக் கொடுக்கும் டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து, வைட்டமின் சி கொடுத்த எலிகளில் சரியாக வேலை செய்யவில்லை.

காரணம் என்ன? சத்து என்பது நல்ல செல், கெட்ட செல் என்று ஆள் பார்த்துப் போவதில்லை. நோய் பிடித்த செல்லும் அதை வாங்கித் தெம்பாகி விடுகிறது!

2009-ல் இன்னொரு அதிர்ச்சி. 'உடம்புக்கு ரொம்ப நல்லது' என்று எல்லோரும் சொல்லும் கிரீன் டீயில் இருக்கும் முக்கியச் சத்து, போர்டெசோமிப் என்ற மருந்தோடு போய் ஒட்டிக் கொண்டு அதை வேலை செய்ய விடாமல் தடுத்தது. சில வகை லிம்போமா திரும்ப வரும்போது கொடுக்கும் மருந்து அது. இதுவும் சோதனைச் சாலையிலும் எலிகளிலும் கண்டதுதான்.

எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. உண்மைதான். ஆனால் அந்த நியாயம் இரண்டு பக்கமும் பொருந்தும் அல்லவா? எலியிடம் பலன் தந்தது என்று டப்பா விற்றால், எலியிடம் கெடுதல் செய்ததையும் கணக்கில் எடுக்க வேண்டுமே!

வைட்டமின் டி விஷயம் வேறு மாதிரி. உடம்பில் வைட்டமின் டி குறைவாக உள்ள லிம்போமா நோயாளிகளுக்கு நோய் மோசமாகப் போகிறது என்று பல கணக்குகள் காட்டின. "அப்போ வைட்டமின் டி குடுத்தாச் சரியாயிடுமே?" என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் மெதுவாக வளரும் லிம்போமா உள்ளவர்களுக்கு, ரிட்டுக்சிமாப் மருந்தோடு தினமும் 2000 யூனிட் வைட்டமின் டி கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். நோய் கட்டுப்படுவதில் கூடுதல் பலன் தெரியவில்லை.

குடை பிடித்தவர்கள் எல்லாம் நனைந்திருந்தார்கள் என்பதற்காக, குடைதான் மழையைக் கொண்டு வந்தது என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

மில் தொழிலாளியில் தொடங்கிய கதை

சத்து எப்போது அமுதம், எப்போது விஷம் என்பதைச் சொல்ல ஒரு பழைய கதை இருக்கிறது. அது தொடங்கியது பம்பாய் துணி மில் தொழிலாளர்களிடம் என்பது பனியன் ஊர்க்காரர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். மில்லில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்கள் ரத்த சோகையால் செத்துக் கொண்டிருந்தார்கள். மலிவான ஈஸ்ட் சாறு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் பிழைத்துக் கொண்டார்கள்! 1931-ல் அதை எழுதினார். அந்தச் சாறுக்குள் இருந்த சத்துதான் பின்னால் 'போலிக் ஆசிட்' என்று பெயர் பெற்றது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான்.

ரத்தத்தை ஊற வைக்கும் சத்து ஆயிற்றே! அப்படியானால் ரத்தப் புற்று நோய்க்கும் நல்லதுதானே? பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி பார்பர் அப்படித்தான் நினைத்தார். லுக்கேமியா வந்த குழந்தைகளுக்குப் போலிக் ஆசிட் வகைச் சத்தைக் கொடுத்தார்.

நோய் இன்னும் வேகமாகப் பரவுவதைக் கண்டு திடுக்கிட்டார்!

வேறு ஆளாக இருந்தால் மூடி மறைத்திருப்பார். பார்பர் யோசித்தார். சத்தைக் கொடுத்தால் நோய் வளர்கிறது என்றால், சத்தைத் தடுத்தால் நோய் சாகுமே! அந்தத் தடுப்பு மருந்தைச் செய்து கொடுத்தது எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு. ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர் சுப்பாராவ். 1948-ல் பார்பர் வெளியிட்ட கணக்குப்படி, மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அது வரை கேள்விப்படாத அதிசயம்!

அந்த வம்சத்தில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் சில வகை லிம்போமாவுக்குக் கொடுக்கப்படுகிறது. அதைச் சாப்பிடும் ஆள், "சத்துதானே" என்று தானாகவே போலிக் ஆசிட் மாத்திரையை விழுங்கினால் என்ன ஆகும்? டாக்டர் பூட்டுகிற கதவை நோயாளியே திறந்து விட்ட மாதிரி!

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. நுரையீரல் புற்று நோய்க்குக் கொடுக்கும் பெமெட்ரெக்செட் என்ற மருந்தோடு, போலிக் ஆசிட்டையும் பி12 ஊசியையும் டாக்டர்களே சேர்த்துக் கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால்தான் தப்பு. அங்கே அது பக்க விளைவைக் குறைக்கிறது என்பது சோதனையில் நிரூபணம் ஆகி விட்டது.

ஒரே மாத்திரைதான். ஒரு மருந்தோடு நண்பன். இன்னொரு மருந்தோடு எதிரி. ஆளைப் பார்த்தால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்!

சுடுகாட்டு மல்லியும் சாதித்தது!

"அப்போ நாட்டு மூலிகை எல்லாம் பொய்யா?" என்று கோபப்பட வேண்டாம்.

ரோட்டோரத்தில், வீட்டு வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியைத் தெரியாதவர் உண்டா? சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். லிம்போமா நோயாளிக்கு ஏற்றும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து அந்தச் செடியில் இருந்துதான் வருகிறது!

சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று ஜமைக்காவில் குடித்து வந்தார்கள். 1950-களில் கனடாவில் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. 'அட, வெள்ளை அணு பெருகும் நோய்க்கு இது ஆகுமே' என்று பிடித்துக் கொண்டார்கள். மூட்டை மூட்டையாக இலையைக் காய்ச்சினால் துளி மருந்துதான் கிடைக்கும். 1963-ல் வின்கிறிஸ்டினுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

அதே செடியின் இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் விஷம். அளந்து, சுத்தப்படுத்தி, டாக்டர் கண் முன்னால் ஏற்றினால் மருந்து. மூலிகையை மருந்தாக்கியது சோதனைதான்.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

கீமோ நடக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கத்தரித்து வைத்துக் கொள்ளலாம்.

1. எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சத்து மாவு, லேகியம், கசாயம், கிரீன் டீ, டானிக் எதுவானாலும் சரி. பெயர் தெரியாவிட்டால் டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "திட்டுவாருங்களோ?" என்ற பயம் வேண்டாம். மறைத்தால்தான் ஆபத்து.

2. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சத்து மாத்திரை டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சட்டம். பொடி எழுத்தாக இருந்தாலும் தேடிப் படியுங்கள். விற்பவர் வாயால் சொல்வதைக் கம்பெனி எழுத்தால் சொல்ல முடியாது!

3. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் பச்சை இலைச் சாறு, கழுவாத பழம் வேண்டாம். சாதாரண கிருமி கூட அப்போது ஆளைப் படுக்க வைத்து விடும். டெங்குவுக்குக் குடித்தோம் என்பதற்காகப் பப்பாளி இலைச் சாறு கீமோவுக்கும் ஆகும் என்று அர்த்தம் இல்லை.

4. 'யாருக்குக் கொடுத்தார்கள்? எத்தனை பேருக்கு? கொடுக்காத ஆட்கள் எப்படி இருந்தார்கள்?' யாராவது மருந்து சொன்னால் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் பர்சை எடுக்காதீர்கள்.

5. சோதனையில் சேரும்படி ஆஸ்பத்திரியில் கேட்டால் பயந்து ஓட வேண்டாம். இந்தியாவில் நடக்கும் மருந்து சோதனைகளை அரசுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2007-ல் அந்தப் பதிவேடு தொடங்கியது. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, கையெழுத்து வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். சோதனை மருந்துக்குக் காசு கேட்கக் கூடாது. பிடிக்காவிட்டால் எந்த நேரமும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

6. முக்கியமானது: எந்தச் சத்தையும் நம்பிக் கீமோவை நிறுத்தாதீர்கள். லிம்போமா திரும்ப வந்த ஆளுக்கு நாள்தான் சொத்து. கசாயத்தை நம்பி இரண்டு மாதம் போனால், அந்த இரண்டு மாதத்தை எந்த ஆஸ்பத்திரியும் திருப்பித் தர முடியாது.

நல்ல சாப்பாடு வேறு, டப்பா சத்து வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். வெந்த முட்டை, பருப்பு, சோறு, நன்றாகக் கொதித்த பால்... நோயாளிக்குப் பிடித்ததைச் சூடாக, சுத்தமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதற்கு எந்த டாக்டரும் தடை சொல்வதில்லை.

சொந்தக்காரர்கள் டப்பா வாங்கி வருவது பாசத்தால்தான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கோவைக்கோ, வேலூருக்கோ, சென்னை அடையாறுக்கோ மாதா மாதம் போய் வர பஸ் செலவு ஆகிறது. கூடப் போகிற ஆளுக்கு அன்றைய கூலி போகிறது. அதற்குக் கொடுத்து உதவலாம். "இந்த வாரம் நான் கூட வரேனுங்க" என்று ஒரு ஷிப்ட் லீவு போட்டு வந்து நிற்கலாம்.

அதற்குப் பக்க விளைவே கிடையாது!